படத்தில் இல்லாத ரெயின்கோட்

சாலவாக்கம்
3 மார்ச் 2025

ஏஞ்சல்,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கமாவது படி.

என் போன் அண்ணனிடம் இருக்கிறது. சிம்மை உடைத்துப் போட்டுவிட்டதாக அண்ணி சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டுவதென்றால் கனகா அக்காவின் தையல் கடைக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் அண்ணி துணையோடு. உன் அம்மாவிடம் போய் உன் விடுதி விலாசத்தை வாங்கி வந்தது கனகா அக்காதான். நீ எழுதினால் அவர் கடைக்கு எழுது. அளவு ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக் கொடுத்துவிடுவார். என் ஜாக்கெட்டை அண்ணி பிரித்துப் பார்ப்பதில்லை, இதுவரைக்கும்.

போன மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடந்ததை யார் யாரோ உனக்கு எப்படி எப்படியோ சொல்லியிருப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் யாழினி ஆறாவது படிக்கிறாள் இல்லையா, அவர்கள் பள்ளியிலும் மாதம் ஒரு சிறுவர் படம் போட்டு விமர்சனம் எழுதச் சொல்கிறார்கள். ஜனவரியில் போட்டது நம்முடைய விட்டில் படம். ஆமாம், உத்திரமேரூரில் மாலை வகுப்புத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டு உன்னையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் காட்டினார்களே, அதே படம். யாழினிக்கு வயிற்றுவலி. "அத்தே, நீயே எழுதிக் குடு" என்று நோட்டை மடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பெரியவர்கள்தானே எழுதுகிறோம்? நான் எழுதினேன்.

எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. வண்ணத்துப்பூச்சிகள் மட்டுமே இருக்கிற ஊரில் இரண்டு விட்டில் பெண்கள். சாம்பல் சிறகு வெளியே தெரியாமல் தினமும் மகரந்தச் சாயம் பூசிக்கொண்டு பறக்கிறார்கள். தன்னைப் போல இன்னொருத்தி இருப்பது இருவருக்குமே தெரியாது. இதைக் கதையாக எழுதிவிட்டு, கீழே இப்படியும் எழுதினேன்: "இது பூச்சிகளின் கதை அல்ல. தனித்தனியாகச் சாயம் பூசிக்கொள்ளும் இரண்டு பெண்களின் கதை. மழை வந்ததும் பெரியவள் சின்னவளைத் தன் ஊதா ரெயின்கோட்டுக்குள் இழுத்துக்கொள்கிறாள். மதகுக்கு அடியில் இருவரும் ஒண்டிக்கொண்டிருக்கும்போது சின்னவள் முதல் தடவையாகப் பயமில்லாமல் சிரிக்கிறாள்."

அதற்கு முதல் பரிசு. தலைமையாசிரியை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கில் படிக்கச் சொன்னார். யாழினி கணீரென்று படித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் அண்ணன் தட்டிய சத்தம்தான் பெரிது. வீட்டுக்கு வந்து பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் அவள் கேட்டாள்: "அத்தே, படத்துல ரெயின்கோட்டே கெடயாது. மதகும் இல்ல. நீ எங்க பாத்த?"

அண்ணி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நவம்பர் மழையில் உன் ரெயின்கோட் எங்கள் கொடியில் இரண்டு நாள் காய்ந்ததே. அந்த ஊதா ரெயின்கோட்டைத் தெரியாதவர்கள் சாலவாக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதற்கப்புறம் என் போனைத் துழாவினார்கள், போனுக்கப்புறம் எல்லாம்.

ஆனால் அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது ஏஞ்சல். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். இருக்கிறது என்று ஒரு வரி எழுது. அது போதும் எனக்கு.

உன் அப்பா எப்படி இருக்கிறார்?

மதி

---

ஒரகடம், பெண்கள் விடுதி
11 மார்ச் 2025

மதி,

ரெயின்கோட் இல்லை. மதகு இல்லை. ஒண்டிக்கொள்வதும் இல்லை. மழையில் சாயம் கரைந்ததும் ஒருத்தி ஒரு இலையில் நிற்கிறாள், இன்னொருத்தி வேறொரு இலையில் நிற்கிறாள். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பாட்டு வருகிறது. அவ்வளவுதான் படத்தில் இருப்பது.

நீ எழுதிய மழை ஏரிக்கரையில் பெய்தது. அது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அதைத் தூக்கி ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் எழுதி, மைக் வைத்துப் படிக்கவும் விட்டிருக்கிறாய். அதற்குப் பரிசு வேறு. என்ன கொடுத்தார்கள், டிபன் பாக்ஸா?

உன் கடிதத்தின் கடைசி வரியில் என் அப்பாவை விசாரித்திருக்கிறாய். சொல்கிறேன். ஆண்டு விழாவுக்கு மறுநாள் காலை உன் அண்ணன் வசந்த்குமார் இரண்டு பேரோடு வந்தார். காலனிக்குள் வரவில்லை. முனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு ஆள் அனுப்பினார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "தானியேலு, உம் பொண்ண எங்கனா அனுப்பிச்சிடு. நான் மரியாதயா சொல்லிக்கினு கீறேன். அடுத்தவன் வந்தா மரியாதயா சொல்ல மாட்டான்." நைனா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க" என்றார். முப்பத்தொரு வருஷம் உங்கள் கழனிக்குத் தண்ணீர் கட்டியவருக்கு அன்றிலிருந்து வேலை இல்லை. உங்கள் கழனியில் மட்டுமல்ல, ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா கோயிலில் அழுதுகொண்டே இருந்தாள், காரணம் சொல்லவில்லை. சபையார் அவர்களாக எதையோ யூகித்து, ஏஞ்சலுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபம் செய்தார்கள். கிடைத்துவிட்டது. காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. பயிற்சியில் படம் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். நானும் அழுதேன். நீ நம்மை நினைத்து அழுதாய். நான் நம்மை நினைக்கவில்லை மதி. கல்லூரியில் மூன்று வருஷம், "சாலவாக்கத்துல எங்க?" என்று யார் கேட்டாலும் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லி வந்தேன், அதை நினைத்து அழுதேன். தினமும் பூசிய சாயம் அது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுகிறோம், அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

என் மாலை வகுப்பில் அதே படத்தைப் போட்ட அன்று நீயும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் மனம் மாறி, விட்டில்களைத் திரும்ப அழைக்கப் பெரிய விளக்கு ஏற்றும். பயிற்சியில் அந்த இடத்தில் எல்லா ஆசிரியர்களும் கைதட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள்: "போவாத! போவாத! அது வெளக்குப் பொறி!" உங்கள் நெல் வயலில் குருத்துப்பூச்சிக்கு விளக்கு மாட்டி, கீழே அலுமினிய அன்னக்கூடையில் மண்ணெண்ணெய்த் தண்ணீர் வைப்பது அவர்களுடைய அப்பாமார்தானே. காலையில் செத்த பூச்சிகளோடு அந்தக் கூடையைக் கவிழ்க்கிற பிள்ளைகளுக்கு அது வரவேற்பாகத் தெரியவில்லை. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

எழுதாதே இனிமேல்.

ஏஞ்சல்

---

சாலவாக்கம்
24 மார்ச் 2025

ஏஞ்சல்,

உன் நைனாவுக்கு வேலை கிடைத்ததா? இந்தத் தடவை முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

எழுதாதே என்றாய். பத்து நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. உன் கடிதத்தைச் சாமி அறையில், அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

நீ சொன்னதுதான் சரி. யாழினியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி போனில் படத்தை வைத்திருந்தாள். துணி மடிக்கிற சாக்கில் யாழினியோடு உட்கார்ந்து மழைக் காட்சியை மட்டும் பார்த்தேன். இரண்டு இலைதான். ரெயின்கோட்டின் ஓரத்தில் தண்ணீர் சொட்டுவதைக்கூடத் திரையில் பார்த்ததாக நான் சத்தியம் செய்திருப்பேன். ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டால் இல்லாததும் தெரியுமோ என்னவோ.

கல்லூரி விஷயத்தை நீ எழுதியிருந்ததைப் படித்து வெட்கமாக இருந்தது. உன்னோடு ஒன்றரை வருஷம் சுற்றியிருக்கிறேன், அந்தப் படத்தை உன் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி விட்டில்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. தலைமையாசிரியைக்கு அது தன்னம்பிக்கைப் படம். அண்ணிக்கு அது பிள்ளைகளைக் கெடுக்க வெளிநாட்டுக்காரன் எடுத்த படம். அண்ணன், "பூச்சிக்கு எதுக்குப் படம், மருந்தடிச்சா போவுது" என்கிறார். எல்லோரும் அவரவருக்கு வேண்டியதைப் பார்க்கும்போது நான் நம்மைப் பார்த்தது மட்டும் குற்றமா? மறைத்து வைப்பதைத்தான் சாயம் என்கிறார்கள். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே சாயம்தானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐயங்கார்குளத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெங்கடேசன் என்று பெயர், டிராக்டர் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. கெட்டவர் மாதிரி தெரியவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வைகாசி இருபத்தைந்தாம் தேதி, அதாவது ஜூன் எட்டு, முகூர்த்தம். அண்ணி தலையை வருடிக்கொண்டே சொல்கிறாள்: "வயசுல இதெல்லாம் வர்றதுதான் மதி. கல்யாணம் ஆனா சரியாப்பூடும். யாருக்கும் தெரியாது, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை.

என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. ஒயர் கட்டத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்.

மதி

---

ஒரகடம்
9 ஏப்ரல் 2025

மதி,

நைனாவுக்கு வேலை கிடைக்கவில்லை. கேட்டதற்கு நன்றி.

ஒரே சாயம் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. உன் சாயம் கலைந்தபோது உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் சாயம் கலைந்தால் வீட்டையே கொளுத்துவார்கள். இரண்டு பெண்கள் ஓடிப்போனார்கள் என்று உன் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெண்ணைக் காலனிக்காரி கடத்திப்போனாள் என்றுதான் புகார் எழுதுவார்கள். எங்கள் தெருவில் அறுபத்திரண்டு வீடு.

அந்தப் படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை அறையில் போனில் போட்டுப் பார்த்தேன். கூட இருக்கிற பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை எனக்கு ஒன்று பட்டது. அந்த இரண்டு விட்டில்களுக்கும் அப்பா அம்மா கிடையாது. ஒரு காட்சியில்கூட இல்லை. இருந்திருந்தால் அவர்கள் அவ்வளவு லேசாக மலையைத் தாண்டிப் பறந்திருக்க முடியாது, படமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்காது. பக்கத்துக் கட்டில் பிள்ளை கேட்டாள், "அக்கா, அவங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ்தான?" என்று. "ஆமாம், ஃப்ரெண்ட்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டேன்.

இங்கே காலை நாஷ்டாவுக்கு ஆறு மணிக்கு வரிசை. ஆறரைக்குக் கம்பெனி வண்டி. நாள் முழுவதும் நீலத்தோடு நீலம், மஞ்சளோடு மஞ்சள் என்று ஒயரைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறேன். மாற்றிக் கட்டினால் பெல் அடிக்கும், மேஸ்திரி வந்து நிற்பான். கை தானாக வேலை செய்கிறது. அதனால் நாள் பூராவும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்க வசதியாக இருக்கிறது, அதுதான் பேஜார்.

கூட்டிக்கொண்டு போக முடியாது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முடியாது என்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கனகா அக்கா உன் ஜாக்கெட் அளவைக் குறைத்துத் தைத்ததாக அம்மாவிடம் சொன்னாராம்.

ஏஞ்சல்

---

சாலவாக்கம்
23 ஏப்ரல் 2025

ஏஞ்சல்,

சாப்பிடவில்லை. சாப்பிட்டால் நிற்பதில்லை.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. மஞ்சள் தடவும்போது என்னையே நாலு மூலையிலும் தடவச் சொன்னார்கள், தடவினேன். அந்த மனிதர் தினமும் சாயங்காலம் அண்ணி போனுக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசுகிறார். எனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார். வாயில் வந்த ஊதாவை விழுங்கிவிட்டுப் பச்சை என்றேன். இனி ஆயுசுக்கும் பச்சை வாங்கிக் கொடுப்பார்.

உன் தெருவின் அறுபத்திரண்டு வீட்டையும் நினைத்துப் பார்த்தேன். நீ சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு இந்த ஒரு உயிர்தான் இருக்கிறது. உன் கடிதத்தில் முடியாது என்பதற்கு முன்னால், வேண்டாம் என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்கிறேன்.

மே மாதம் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை காஞ்சிபுரத்தில் கொடுத்திருக்கிறது. அன்று அண்ணி அவள் தாய்வீட்டு விசேஷத்துக்குப் போகிறாள், அதனால் ஜாக்கெட்டை வாங்கிவரக் கனகா அக்காவோடு என்னை அனுப்புகிறார்கள். இங்கிருந்து பத்து மணி பஸ். பதினொரு மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து பத்து நிமிஷம் நிற்கும். நீ நின்றால் நான் இறங்குவேன். இறங்கிவிடுவேன், சத்தியமாக. நீ நிற்காவிட்டால் காஞ்சிபுரம் போய் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன்.

மதி

---

ஒரகடம்
13 மே 2025

மதி,

நிற்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து தூங்காமல் யோசித்துத்தான் எழுதுகிறேன். நைனாவையும் அம்மாவையும் அங்கே விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. அதனால் நாலாம் தேதி ஞாயிறு போய்ப் பேசினேன். அம்மா முதலில் என்னை அடித்தாள், அப்புறம் அடித்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். நைனா வெளியே கல் மேல் உட்கார்ந்திருந்தார். "வூட்ட வுட்டுட்டு எங்கூட வந்துடுங்க நைனா" என்றேன். "எத்தினி நாளிக்கி?" என்றார். தெரியாது என்றேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணு நெசமா வருதா?"

"வருது நைனா."

"வர்றதுன்னா சரி" என்று எழுந்துபோய் மாட்டுக் கயிற்றால் பாயைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். மதி, இந்த மனிதருக்கு இதெல்லாம் என்னவென்று புரிந்ததா, புரியாமலே சம்மதித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

இப்போது இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். விடுதிக்குப் பின்னால் ஒரே அறை, மேலே தகரம். வெயிலில் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆடுகளைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. நமக்கு வாலாஜாபாத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். கம்பெனித் தோழி ஒருத்தியின் மாமியார் வீட்டு மாடி. வக்கீல் அம்மா ஒருவரிடமும் பேசிவிட்டேன். உனக்கு வயது இருபத்து நான்கு, யாரும் எதுவும் செய்ய முடியாது, நீயாக வந்தேன் என்று நீயே காவல் நிலையத்தில் சொன்னால் போதும் என்றார். உன் ஆதார் கார்டை மறக்காதே. நகை எதையும் எடுத்துக்கொண்டு வராதே, அதை வைத்துத்தான் வழக்குப் போடுவார்கள்.

சோடாக் கடை பக்கத்தில் நிற்பேன். பத்தே முக்காலுக்கே வந்துவிடுவேன்.

பயமாக இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து இன்றுதான் பசிக்கவும் செய்கிறது.

ஏஞ்சல்

---

சாலவாக்கம்
27 மே 2025

ஏஞ்சல்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் மஞ்சள் பை, அளவு ஜாக்கெட்டுக்கு அடியில் இரண்டு சுடிதார், ஆதார் கார்டு. பஸ் உள்ளே திரும்பும்போதே உன்னைப் பார்த்துவிட்டேன். புதுச் சுடிதார் போட்டிருந்தாய். இரண்டு கையிலும் பன்னீர் சோடா. இறங்குகிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கனகா அக்கா என் தோளைத் தட்டினார். "எறங்கு மதி. அந்தாண்ட நிக்குது பாரு." தலை சுற்றுகிறது என்றேன். "தல சுத்தலடி, பயம். எறங்குனா பூடும்." நான் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் ஷட்டரை இறக்கினேன். பத்து நிமிஷம் ஷட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. காஞ்சிபுரம் வரைக்கும் கனகா அக்கா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கச்சிதமாக இருந்தது.

உன் தெருவுக்கு ஆபத்து வரும் என்று பயந்தேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. நீயும் நம்பிவிடுவாய். ஆனால் பொய். அந்தப் பத்து நிமிஷத்தில் உன் தெரு ஞாபகத்துக்கு வரவில்லை. அண்ணன் வெட்டிவிடுவார் என்ற பயமும் இல்லை. காதுக்குள் ஊர் பேசுவது மட்டும் கேட்டது. "முத்துவேல் பொண்ணு காலனிக்காரிகூடப் பூட்டா." அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். பெண்ணோடு போய்விட்டாள் என்று யாருமே சொல்லவில்லை. அதை என்னால் தாங்க முடிந்திருக்கும், அதற்குத்தான் நான் ஒன்றரை வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை. இப்படி ஒன்று எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது ஏஞ்சல். உன் கையைப் பிடித்தவள்தானே நான். உன்னைக் கொஞ்சம்கூடத் தாழ்வாக நினைத்ததில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்திருப்பேன்.

பெரிய பெரிய வரியாக விமர்சனம் எழுதினேன். சாயம், சிறகு, பயமில்லாத சிரிப்பு. அதையெல்லாம் எழுதிய கையைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது.

நீ எவ்வளவு நேரம் நின்றாய்? அதை மட்டும் சொல். திட்டியாவது ஒரு வரி எழுது. எட்டாம் தேதி கல்யாணம். அதற்கப்புறம் கனகா அக்கா கடை எனக்கு இல்லை.

மதி

---

ஒரகடம்
2 ஜூன் 2025

மதி,

நீ ஷட்டரை இறக்கியதைப் பார்த்தேன். உன் விரல்கள் கீழே தெரிந்தன.

ஆனாலும் தப்பாக நினைக்கவில்லை. தெரிந்தவர் யாரோ பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார்கள், அதனால் ஒளிகிறாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள் என்று நினைத்தேன். அதனால்தான் பஸ் பக்கம் வரவில்லை. நீ திரும்பி வரும்போது நான் அங்கே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வாய் என்று ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. வாலாஜாபாத் வண்டி நாலு போயிற்று. சாயங்காலம் நாலரை வரைக்கும் நின்றேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

நீ எழுதியிருக்கும் காரணத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியும். நீ எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்திருக்கிறாய். மூன்று தடவையும் அம்மா டீ போட்டாள். ஒரு தடவை உனக்கு வயிறு சரியில்லை. ஒரு தடவை விரதம். ஒரு தடவை, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றாய். நீ போனதும் அந்த டீயை நான் எடுத்துக் குடிப்பேன். மூன்றாவது தடவை மட்டும் அம்மா, "ஆறிப்போச்சி, வோணாம், கொட்டிடு" என்றாள். நான் கொட்டவில்லை. உனக்கு அது தெரியாமலே நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தெரிந்து செய்திருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், தெரியாமல் செய்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

திட்டச் சொன்னாய். வரவில்லை.

அன்று நான் தனியாக உள்ளே வந்ததும் நைனா பார்த்தார், நகர்ந்து பாயில் இடம் விட்டார். காலையில் எழுந்து, "சாலவாக்கத்துல மழ பேஞ்சிதாமா?" என்று போனில் பார்க்கச் சொன்னார். அவருக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டேன், வயது அதிகம் என்றுவிட்டார்கள். திரும்பிப் போகலாம் என்று அம்மா சொல்கிறாள். யாரிடம் போய் வேலை கேட்பது? எதற்காகப் போனோம், எதற்காகத் திரும்பினோம் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர்களை வேரோடு பிடுங்கி வந்துவிட்டேன் மதி, நட இடமில்லை.

கல்யாணம் ஆனபின் எழுதாதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை என்று எழுதியிருந்தாய், அப்படியே இருக்கட்டும். உன் கடிதங்களை எரிக்க நினைத்தேன், விடுதியில் நெருப்புப் பற்ற வைக்கக்கூடாது. கிழித்துப் போட்டேன்.

அன்று நாலரை மணி வண்டியில் ஏறினேன். கண்டக்டர், "எத்தினி டிக்கெட்டுமா?" என்றார். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன், வாயில் ரெண்டு என்றே வந்துவிட்டது. அவர் கிழித்துக் கொடுத்துவிட்டார். வண்டி நிறைந்துவிட்டது. ஒரு அம்மா கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். கண்டக்டர் தடுத்தார். "அந்தச் சீட்டுக்கு டிக்கெட்டு எடுத்துக்கீதுமா, ஆளு வரும்." அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஊரைத் தாண்டும்வரைக்கும் நானும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம், "ஆளு வர்லமா, நீ உக்காரு" என்றேன். அந்த அம்மா உட்கார்ந்தாள்.

ஏஞ்சல்